வேன் நின்ற நேரம்

செப்டம்பர் 23, திங்கள்

வேனில் பெட்டியைப் பொருத்திவிட்டார்கள். தீப்பெட்டி அளவுதான். எங்கே நிற்கிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன், எப்படி பிரேக் போடுகிறேன் - எல்லாம் அலுவலகத் திரையில் தெரியுமாம். வசந்தத்தில் கம்பெனியை வாங்கிய புது முதலாளி ட்சைட்லர் தெற்கு ஜெர்மனி, ஸ்டுட்கார்ட்காரர். "உங்களை வேவு பாக்க இல்லீங்க, வண்டி திருடு போகாம இருக்கத்தான்" என்றார். கூட வேலை செய்யும் ஹாப்போ என் காதருகே, "உன் வேனை எவன்டா திருடுவான், உள்ள உக்காந்தாலே பாய்லர் புகை நாத்தம்" என்றான். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் கலக்கம்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

முதல் வார அறிக்கை. பிரேக் பச்சை, வேகம் பச்சை, "நின்ற நேரம்" சிவப்பு. ஏழு பேரில் நான்தான் கடைசி.

மற்றவர்களுக்குப் புதுக் கட்டடங்கள். எனக்குக் கடலோரக் கிராமங்கள், வயதானவர்கள். வீட்டைச் சூடாக்கும் பாய்லரைச் சுத்தம் செய்து, புகையை அளந்து, கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம். அப்புறம் தேநீர். கற்கண்டு போட்டு, கிரீம் விட்டு, மூன்று கோப்பை, எங்கள் வடக்குக் கடலோர வழக்கம். இரண்டோடு எழுந்தால் வீட்டுக்காரியை முகத்துக்கு நேரே அவமதித்த மாதிரி. ஸ்டுட்கார்ட்காரருக்கு இதை எப்படிச் சொல்வது?

அக்டோபர் 8, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். "வேலை நேரத்தில் அனுமதியற்ற ஓய்வு." இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதில் என்னை எவன் சேர்த்துக்கொள்வான்?

எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "டீதானே? வேண்டாம்னு சொல்லிடுங்க" என்கிறார். வேண்டாம்னு சொல்லிடணுமாம்! அடக் கடவுளே, இந்த ஆளு எந்த ஊர்ல பொறந்தான்! மனைவி ஃபென்னாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கவலைப்படுவாள்.

அக்டோபர் 14, திங்கள்

தேநீரைப் பாய்லர் அறைக்கே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். வேலையும் நடக்கும், டீயும் முடியும் என்று கணக்கு. அந்த வீட்டு அம்மா எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

இன்று உப்பன் அம்மா வீடு. எண்பத்தாறு வயது, தனி ஆள். பதினெட்டு வருடமாக வருடத்துக்கு ஒரு முறை போகிறேன். மேசைவிரிப்பு எல்லாம் விரித்துத் தயாராக இருந்தாள். முதல் கோப்பை முடிந்ததும் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன். போதும் என்று அர்த்தம். இரண்டாவதை ஊற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா, டீ நல்லா இல்லியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப எம்மேல ஏதும் வருத்தமா?"

பெட்டியைப் பற்றிச் சொல்ல வெட்கம். வயிறு சரியில்லை என்று புளுகினேன். உடனே சோம்புக் கஷாயம் போட எழுந்தாள்! ஓட்டமாக ஓடிவந்துவிட்டேன். சீ, என்ன பிழைப்பு இது.

அக்டோபர் 18, வெள்ளி

நின்ற நேரம்: பச்சை.

அக்டோபர் 24, வியாழன்

ஃபென்னாவிடம் சொல்லிவிட்டேன். "இத்தனை நாளா இதைத்தான் மென்னு முழுங்கிட்டு இருந்தியா, ஃபோக்கோ? போனாப் போகட்டும் வேலை" என்றாள். அப்புறம் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

ட்சைட்லர் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம் என்றுதான் போனேன். மேசையில் கடிதங்கள். பதினொரு வீடுகள் பராமரிப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்கின்றன. பதினொன்றும் நான் போகிற வீடுகள்.

"அங்க போய் என்னங்க பண்ணீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். எல்லா வீட்டுலயும் ஒரு கோப்பையோட எழுந்தேன்."

கடிதங்களை ஒருமுறை புரட்டினார். "மூணு கோப்பை குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது... பேச்சைப் பொறுத்ததுங்க."

"சராசரியா?"

"பதினஞ்சு நிமிஷம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அரை மணி நேரத்துக்குக் குறைந்து எந்த வீட்டில் எழுந்திருக்கிறேன்? அந்த ஆள் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார், பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 11, திங்கள்

போனில் புதுப் பொத்தான்: "தேநீர்". அமுக்கினால் பதினைந்து நிமிடம் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஹாப்போ, "உனக்குச் சிலையே வைக்கலாம்டா" என்கிறான். அவனுக்கென்ன. என் எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது. ட்சைட்லர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

உப்பன் அம்மா வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது. என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்றாளாம். சரிசெய்து முடித்ததும் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன் - பெட்டி, கடிதம், வயிற்றுவலிப் புளுகு, பொத்தான்.

"பைத்தியக்காரா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். எழுந்துபோய் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை எடுத்துவந்து, பதினைந்துக்குத் திருகி, கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள். "என்னால உன் வேலைக்குக் கெடுதல் வரக்கூடாதுப்பா. பொத்தானை அமுக்கிட்டியா?"

அமுக்கினேன். முதல் கோப்பையில் நாய், பக்கத்து வீட்டுக்காரன். இரண்டாவதில் மகள் ஹனோவரிலிருந்து வந்து போனது. மூன்றாவதை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்ப்பா. அந்த டாக்டர் என்ன சொன்னார்னா..."

மணி அடித்தது.

அவளே எழுந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். "கிளம்பு, கிளம்பு. மிச்சத்தை அடுத்த வருஷம் சொல்றேன்."

கிளம்பிவிட்டேன். வேனில் ஏறிப் பார்த்தேன், பச்சை. டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை.