கரடிக் கதையையே வாங்கு

அன்பு ஜனெல்,

உன் இடுப்பு வலி தேவலையா? பிள்ளைகள் வெண்டெலும் ரூத்தியும் உன்னைப் படுத்தாமல் இருக்கிறார்களா? டகோட்டா குளிரிலும் நான் நலமே.

பிள்ளைகளுக்கு வீட்டில் வாசிக்கக் கற்றுத்தர எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு மாதிரிப் பாடங்களையும், எண்ணெய்க் கிணற்று முகாமில் சாப்பாட்டு நேரத்தில் சோதித்துப் பார்த்தேன். முதலாவதில் அம்மா பேச வேண்டியதைக்கூட அச்சடித்திருக்கிறார்கள். "சபாஷ், கை தட்டு!" என்று நான் வாசித்ததும் என் அறைத்தோழன் டுவேன் கத்தினான்: "டேய், எனக்குப் பேரனே பொறந்தாச்சு!"

இரண்டாவது கரடிக் கதை. மாதிரி பாதியில் முடிந்ததும் அவனே மல்லுக்கு நின்றான்: "குட்டிக்கு என்னடா ஆச்சு? சொல்லாம எந்திரிச்சே, தொலைச்சிடுவேன்!"

அதையே வாங்கு. அதில் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்கிறாய். வரட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ரூத்தி வாசிப்பதைப் போனில் பதிந்து அனுப்பு, திக்கினாலும் வெட்டிவிடாதே.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. வசந்தத்தில் நான் வரும்போது, என் மடியில் உட்கார்ந்து "அப்பா, இது என்ன வார்த்தை?" என்று ரூத்தி கேட்க, தெரியாத வார்த்தை ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்கட்டும்.

உன் கிளின்ட்