பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

என் அருமை சேவியர் அண்ணே,

நீ போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. நல்லா இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். உன்னை இங்கே நிம்மதியாக விட்டுவைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். செக்காலை ரோட்டில் தினமும் உன் குரல் போகிறது அண்ணே.

முதல் தடவை கேட்டபோது, ஊர் அறிவிப்பெல்லாம் நீ பேசிப் பதிவு செய்த நம் ரெக்கார்டிங் அறையில் உன் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே, "பெரியோர்களே, தாய்மார்களே" என்றாய். கையில் இருந்த துணியோடு ஓடினேன். விளம்பர ஆட்டோ. உன் குரலில் ஒரு ஜவுளிக்கடைத் தள்ளுபடி!

கடைப் பெயருக்கு முன்னால் அந்த மூச்சும் இருந்தது. இரங்கல் அறிவிப்பில் இறந்தவர் பெயரைச் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்துவாயே, அதே மூச்சு. "அந்தப் பேரக் கேட்டதும் ஒரு வீடே ஒடிஞ்சு போகும் புள்ள, அதுக்கு முந்தி ஒரு மூச்சு இடம் குடுக்கணும்" என்பாய். சாவுக்கு வைத்திருந்ததை எடுத்துச் சேலைக்கு வைத்துவிட்டார்கள்.

ஆட்டோவை மறித்து, யார் பேசியது என்று கேட்டேன்.

"மிஷினு பேசுதுக்கா. கடைக்காரவுக போன்ல எழுதிக் குடுத்தாக, அது பேசிருச்சு. நல்லாத்தான இருக்கு?"

நல்லாத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. தப்பு என்னுடையதுதானே? உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மலேசியாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்களும் கேட்கட்டும் என்று உன் பதிவுகள் அத்தனையையும் நெட்டில் ஏற்றினேன். எனக்கு ஒரே பெருமை. கேட்கத்தான் போட்டேன் அண்ணே, உன் தொண்டையை எடுத்துக்கொள்ள இல்லை. பொதுவில் கிடந்ததைத்தான் மிஷினுக்குப் படிக்கக் கொடுத்தோம் என்கிறது அந்த மிஷினை நடத்துகிற நிறுவனம். வாசலில் காயப்போட்ட வற்றலை, தெருவில்தானே கிடந்தது என்று அள்ளிக்கொண்டு போகலாமா?

குரலுக்கு உரியவரே வீடியோவில் வந்து பேசினால் நீக்குவார்களாம். உன்னை எங்கே போய்க் கூட்டிவர? ஏற்றியதையெல்லாம் அழித்தேன். ஒரு வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

"நீங்க அழிச்சிட்டீக, சரி. ஆனா அது படிச்சது படிச்சதுதான். கேஸ் போடுவோம், நாளாகும்" என்றார். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் இல்லை.

வீட்டுக்குள் வந்தாலும் முட்டுச்சந்துதான். ஆட்டோ வரும் நேரம் பார்த்து மதினி வாசலில் நிற்கிறார். தள்ளுபடி முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. உன் மனைவியிடம் போய், கேட்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நேற்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அருளு, ஆண்டுப் பூசை அறிவிப்ப அவுக குரல்லயே போட்ருவமா? அவுகளே வந்து கூப்புட்ட மாதிரி இருக்கும்ல."

திட்டாதே. நானும் போனில் எழுதினேன். "மறைந்த" என்றாய். மூச்சு விட்டாய். அப்புறம் உன் பெயரைச் சொன்னாய். ஒரு பிசிறில்லை. நம் அம்மாவுக்கு இரங்கல் அறிவிப்புச் சொன்ன அன்று எட்டுத் தடவை குரல் உடைந்து, ஒன்பதாவது தடவைதான் நீ பெயரைச் சொன்னாய். இது முதல் தடவையே சொல்லிவிட்டது.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வேணாம் அருளு, அழிச்சிரு. இது அவுக இல்ல."

ஆனாலும் இன்று காலை ஆட்டோச் சத்தம் கேட்டதும் அவர் மறுபடியும் வாசலுக்குப் போனார். நானும்தான் போனேன்.

அண்ணே, கேஸை நான் விடமாட்டேன். உன் ஆண்டுப் பூசை அறிவிப்பை நானே சொல்லப்போகிறேன். பதிவு செய்து அனுப்பலாம் என்று மைக் முன்னால் உட்கார்ந்தேன், பொத்தானை அமுக்கக் கை வரவில்லை. என் குரலை மட்டும் விட்டுவைப்பார்களா? அதனால் ஆட்டோவில் நானே ஏறி, செக்காலையிலிருந்து கோட்டையூர் வரை தெருத்தெருவாக வாயாலேயே சொல்வேன். உன் பெயருக்கு முன்னால் மூச்சு விடுவேன். அதற்கப்புறம் குரல் வராவிட்டால், வருகிறவரை ஆட்டோ அங்கேயே நிற்கட்டும்.

உன் பெயரைச் சொல்ல இன்னும் பழகாத
உன் தங்கச்சி,
அருள்மேரி