போப்பாண்டவர் ஆகாதவரின் வீடு

ரோம்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

பெருஜியாவில் எழுந்தருளியிருக்கும் மாட்சிமை தங்கிய கர்தினால் ஒட்டோனே அவர்களுக்கு, உன் அக்கா பெர்னா எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே போப்பாண்டவர் தேர்தல் முடியும் முன்பே, "ஜெயிச்சாச்சு, கதவத் திறந்து வைங்க" என்று ஆள் அனுப்பினாயே, அப்படி என்ன அவசரம் உனக்கு? போப்பாண்டவர் ஆனவரின் வீட்டை ஊர் ஜனம் சூறையாடுவது வழக்கம்தான். இனி அவருக்கு வீடு எதற்கு என்பார்கள். நம் தொர்ரேகூபா குடும்பத்தில் முன்பு இரண்டு பேர் போப்பாண்டவர் ஆனபோது சந்தோஷமாகச் சூறை கொடுத்திருக்கிறோம். இந்த முறையும் நானே சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். கட்டில், பாத்திரம், திராட்சை ரசப் பீப்பாய் எல்லாம் போயிற்று. என் மகள் மாபிலியாவின் கல்யாணச் சீர்ப்பெட்டியும் போயிற்று.

அதன் பிறகுதான் வால்நேரா குடும்பத்துக் கிழவர் ஜெயித்த சேதி வந்தது. பெட்டியைத் திருப்பிக் கேட்கப் போனேன். மீன்காரி ஒருத்தி, "போப்பாண்டவர் வீட்டுல எடுத்தா புண்ணியம்னு எடுத்தோம். உங்க தம்பி ஆகலேன்னா நாங்க என்ன பண்றது தாயி?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று வந்த உன் கடிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. புதிய போப்பாண்டவரின் தயவு உனக்கு வேண்டுமாம். அதற்காக மூன்று மனைவிகளைப் புதைத்த அவர் தம்பிக்கு மாபிலியாவைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாயாம். சீர் இல்லாத பெண்ணை வேறு எவன் கட்டுவான் என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? அந்தச் சீரைத் தொலைத்தது யார்? தகப்பன் இல்லாத பெண் என்றுதானே உனக்கு இவ்வளவு துணிச்சல்?

எவன் கட்டுவான் என்றாயே, சென்சியோ கட்டினான். ஏற்கெனவே நாம் நிச்சயம் செய்த அதே சென்சியோதான். அவன் தாயிடம் வெறுங்கையோடு போய் நின்றேன். "பொண்ணு இருக்கால்ல? அப்புறம் என்ன, கூட்டிட்டு வாங்க சம்பந்தி" என்றாள். இன்று காலை கோயில் வாசலில் மோதிரம் போட்டான்.

நீ நினைத்தால் ஒரு தாளில் உன் முத்திரையைக் குத்தி இந்தக் கல்யாணம் செல்லாது என்று ஆக்கிவிடலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த முறை நீ போப்பாண்டவர் ஆவதாக இருந்தால் ஆகு, கடவுள் உனக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். இப்போது அந்த வலது கையைத் தூக்கி என் குழந்தையை ஆசீர்வதித்துவிடு, தம்பி. முத்திரையை மட்டும் எடுக்காதே.

இன்னும் உன் அக்காவாகவே இருக்க விரும்பும்,
பெர்னா