இரண்டு கட்டைக்குச்சி கனம்

என் அன்பு மாப்பிள்ளை வேல்ச்சாமிக்கு,

உன் குட்டி டிராக்டர் ஓடுகிறது. செய்தி எழுதிப் பிழைக்கிறவன் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டேன். மீதியை நிதானமாகக் கேள்.

நாளை உனக்கு வருட நினைவு. "படம் போட்டு நாலு வரி பேப்பர்ல குடு அண்ணே" என்றாள் லட்சுமி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அந்த நாலு வரியை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். என் தங்கை புருஷனுக்கு மட்டும் அது நாலு வரியில் அடங்கவில்லை.

போன ஆடியில் நீ போனபோது கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தூக்குச்சட்டியில் போட்டு வைத்திருந்தாய். உள்ளே தேய்ந்துபோன ஊசி, பித்தளை மிதவை, நாலு திருகாணி. நீ திரும்பி வந்து மாட்டப்போவதுபோல் மூடிவேறு போட்டிருந்தாய். காரியம் முடிந்த மறுநாளே உன் சித்தப்பா வந்தார். நாலு ஏக்கரையும் தான் குத்தகைக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லட்சுமி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நானும் அவள் சரி என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் என்ன செய்தாள் தெரியுமா? நீ விதைத்த மாதிரியே பருத்தியை மூன்றரை அடி இடைவெளி விட்டு ஊன்றிவிட்டாள். உன் டிராக்டர் நடுவில் புகுந்து களை கிளறத்தானே அந்த இடைவெளி? டிராக்டரோ கொட்டகையில் கார்புரேட்டர் இல்லாமல் நிற்கிறது. களைக்கு ஆள் கிடைக்குமா? பெண்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏறிவிடுகிறார்கள்.

"பருத்திக்கு நடுவுல பஸ் ரோடு போட்டுருக்கா வேல்ச்சாமி பொண்டாட்டி" என்று சிரித்தார்கள். உன்னைச் சொன்ன அதே கேலி. ஆனால் உன் ரோட்டில் வண்டி ஓடியது. அவள் ரோட்டில் தீபாவளி மழைக்குப் பிறகு களைதான் ஓடியது.

"என்னட்டி இப்படிச் செஞ்சுட்ட?" என்றேன்.

"வண்டி ஓடும்னு நெனச்சு வெதச்சேன். ஓட வைக்கது உன் பாடு. அவியளுக்கு ஊரெல்லாம் சாமான் தேடிக் குடுத்தவன் நீதான?"

அது வாஸ்தவம். அந்தக் காலத்துச் சீமை வண்டிக்குப் புது ஊசி எங்கே கிடைக்கும்? ஒரு பங்களாத் தோட்டத்து ஏலத்தில் நீ அந்த வண்டியை எடுத்த நாளிலிருந்து, செய்திக்குப் போகும் ஊரிலெல்லாம் பழைய இரும்புக் கடை ஏறி இறங்குவது என் வேலையாகிவிட்டது. அதற்குக் கூலியாக நீ கொடுத்தது கடம்பூர் போளி. பாஞ்சாலங்குறிச்சி விழாவுக்குப் போய்விட்டு, செய்தியோடு ஒரு பழைய மிதவையும் கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா?

இந்த முறை கயத்தாற்றில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கடை. தேய்ந்த ஊசியைக் காட்டினேன். கடைக்காரர் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது டிராக்டர் ஊசியா அண்ணாச்சி? பொம்மை வண்டி ஊசி மாதிரில்லா இருக்கு."

"பொம்மை இல்ல. நாலு ஏக்கர் பருத்தி அதுலதான் நிக்கி."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன பழைய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பிரித்தார். அதன் கார்புரேட்டரில் அச்சு அசலாக அதே ஊசி. அது உட்காரும் திருகு வளையத்தையும் சேர்த்தே கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கொட்டகையில் உட்கார்ந்தோம். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை எழும்பி ஊசியைத் தள்ளும், ஊசி வழியை அடைக்கும். மிதவை எந்த உயரத்தில் அடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அளவை நீ ஒருநாள் சொல்லச் சொல்ல என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். ஒரு பஸ் விபத்துக்கும் பஞ்சாயத்துக் கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது. "கார்புரேட்டர் மூடியைக் கவிழ்த்து வை. மூடிக்கும் மிதவைக்கும் நடுவில் இரண்டு தீக்குச்சி கனம்."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, இரண்டு குச்சி வைத்து அளந்து மாட்டினேன். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்தது. ஐந்து நிமிடம்கூட இல்லை. கறுப்புப் புகை கக்கி, இருமி, நின்றுவிட்டது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து சொட்டியது. பிளக் நனைந்திருந்தது.

மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்று முறையும் அதே கதை. ஊசிதான் சரியில்லை, கயத்தாற்றுக்கே திரும்பிப் போகிறேன் என்றேன். போய்வர ஒரு நாள் போகும். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னொரு மழை விழுந்தால் கரிசலில் சக்கரம் இறங்காது, பிறகு களை பருத்தியை மூடிவிடும்.

அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா வந்து நின்றார்.

"என்ன தாயி, வண்டிக்கு வயித்தால போகுதா? இன்னைக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மாட்டை இறக்குதேன். நெலத்தை எங்கிட்ட விட்டுரு."

லட்சுமி குனிந்தாள். தரையில் கிடந்த என் இரண்டு குச்சிகளை எடுத்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள்.

"அண்ணே, இதையா வச்சு அளந்த? இது காகிதத்துல செஞ்ச மெழுகுக் குச்சில்லா!"

"எதுவா இருந்தா என்னட்டி, குச்சி குச்சிதான?"

"மரத்துல சீவுன கட்டைக்குச்சியை விட இது மெலிசு. கல்யாணத்துக்கு முந்தி அத்தனை வருசம் தீப்பெட்டி ஆபீஸ் சட்டத்துல குச்சி அடுக்குனவ நான், என் வெரலுக்குத் தெரியாதா? அவிய அளந்தது கட்டைக்குச்சி. நாந்தான் எடுத்துக் குடுப்பேன்."

தீப்பெட்டி ஊரில் பிறந்தும் எனக்கு இது தோன்றவில்லை. இடைவெளி குறைந்ததால் மிதவை அதிகம் எழும்பினால்தான் ஊசி அடைத்திருக்கிறது, அதற்குள் பெட்ரோல் வழிந்துவிட்டது. உன் வார்த்தையை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியவன், எந்தக் குச்சி என்று உன்னிடம் கேட்கவில்லை.

அவள் அடுப்பங்கரையிலிருந்து மருந்து வைக்காத கட்டைக்குச்சி இரண்டு கொண்டுவந்தாள். அவளே வைத்து அளந்தாள், ஊசியைத் தள்ளும் மிதவையின் தகட்டு நாக்கை அவளே வளைத்தாள், நான் திருகாணி மட்டும் முடுக்கினேன். கயிற்றை இழுத்தேன். பிடித்தது. புகை வெளுத்தது. சத்தம் ஒரே சீராக வந்தது.

நான் ஏறப் போனேன். "நீ எறங்கு" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சித்தப்பா பின்வாங்கி வழிவிட்டார். போகிற போக்கில் அவள் அவரிடம், "சின்ன மாமா, பஸ் வருது, ஒதுங்கிக்கிடுங்க" என்றாள்.

மாப்பிள்ளை, அவள் ஓட்டுவாள் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லையே. எப்போது கற்றுக் கொடுத்தாய்? நான் சாமான் தேடி அலைந்த நாட்களிலா?

மழை வருவதற்குள் நாலு ஏக்கரும் முடிந்தது. மாசியில் முதல் எடுப்பு எடுத்தோம். குத்தகைப் பேச்சை உன் சித்தப்பா பிறகு எடுக்கவில்லை. அவர் புஞ்சைக்கும் ஒருநாள் வண்டி கேட்டிருக்கிறார். இடைவெளி விட்டு விதைத்தால் வருவதாக லட்சுமி சொல்லியிருக்கிறாள்.

இந்தப் புரட்டாசிக்கும் அவள்தான் விதைக்கிறாள். அதற்குள் இன்னொரு ஊசி தேடி வைத்துவிடுவேன். குறிப்பேட்டில் அந்த வரியையும் திருத்திவிட்டேன். டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கட்டைக்குச்சி இருக்கிறது. நான் இருக்கும்வரை அதில் ஒரு குச்சிகூடக் குறையாது மாப்பிள்ளை, பீடிக்கு நெருப்புக் கேட்டு உன் சித்தப்பாவே வந்து நின்றாலும்.

உனக்குச் சாமான் தேடிய,
உன் மச்சான்