மீன் குழம்பு தேடினால் வருகிற நாவல்

மீன் குழம்பு என்று தேடினால் நீ வருகிறாய். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஒரு சமையல் புத்தகம் வாங்கித் தரலாமே என்று இன்று மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே போனில் தேடினேன். அசைவக் குழம்புகளுக்கும் பொரியல் வகைகளுக்கும் நடுவில் உன் நாவல் நிற்கிறது. 'உலை'. கீழே உன் பெயர். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நீ போனபிறகு உன் புத்தகம் விற்கிற பக்கத்தைத் திறந்து பார்க்கவே எனக்கு மனசு வந்ததில்லை.

அட்டையில் இரும்பு உருகி ஓடுகிறது. அதைப் பார்த்துமா ஒருத்தருக்குச் சமையல் என்று தோன்றும்? பெண் எழுதியிருக்கிறாள், பெயர் உலை, முடிந்தது வேலை! புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று வந்த அந்தச் சென்னை ஆட்கள் உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. தேடுசொல் கேட்ட இடத்தில் சாம்பார், ரசம், மீன் குழம்பு என்று வேறு எதிலிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

உன் மேலும் கோபம்தான். செத்துப்போன சிநேகிதி என்று விட்டுவிட மாட்டேன். நான் பிழைப்பதே இதில். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறிப் போய், ஆன்லைனில் நைட்டி விற்கிற கம்பெனியில், எந்தச் சொல்லைப் போட்டால் எந்தச் சரக்கு முன்னால் வரும் என்று நாளெல்லாம் பார்க்கிறவள். புத்தகம் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் எவ்வளவு கெஞ்சினேன்!

"பேருக்குக் கீழ பர்னஸ்னு ஒரு வார்த்த போடுடி. நம்ம ஆளுங்க அப்டித்தான் சொல்றாங்க, அப்டித்தான் தேடுவாங்க."

நீ துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாய். "உலைன்னு அழகா ஒரு வார்த்த இருக்கசொல்ல பர்னஸ் இன்னாத்துக்கு? படிச்சிக் கத்துக்கட்டும்."

"கத்துக்கிறதுக்கு மொதல்ல புக்கு கண்ல படணுமே!"

"சும்மா பேஜார் பண்ணாதடி. நல்லாருந்தா தானா தேடிக்கினு வருவாங்க."

தானாக எதுவும் வராதுடி. நைட்டிகூட வராது.

இரும்பு உருக்குகிற மில்லில் பழைய இரும்பு பிரிக்கிற வேலை உனக்கு. சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் போனில் தட்டித் தட்டி எழுதினாய். பர்னஸ் ஆட்கள் வேலை முடிந்து வரும்போது அவர்கள் மேல் அடிக்கிற வாடையை நீ எழுதியிருந்ததைப் படித்து எனக்குத் தொண்டை காந்தியது. அவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் உன் ஆசை. புத்தகம் வந்த மாதமே காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

இன்று அந்தச் சென்னை ஆட்களுக்குப் போன் போட்டேன். "ஆத்தர்தான் லாகின் பண்ணி மாத்தணும் மேடம்" என்றான் ஒருவன்.

"ஆத்தர் செத்துப்போயிட்டாங்க."

"அப்ப அவங்களையே ஒரு மெயில் போடச் சொல்லுங்க மேடம்."

போனை வைத்துவிட்டேன். வைக்காமலிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். நானே உள்ளே நுழையலாம் என்றால் ஓ.டி.பி. உன் எண்ணுக்குத்தான் போகும். கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த எண்ணை இப்போது ஒரு லாரி டிரைவர் வைத்திருக்கிறார். எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிறாராம். "யாரும்மா வோணும்?" என்றார். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு விமர்சனங்களைப் படித்தேன். ஒரு குழம்புகூட இல்லை, ஏமாற்று வேலை என்கிறார் ஒருவர். அளவு போடவில்லை என்று இன்னொருவருக்குக் கோபம். எல்லாம் ஒற்றை நட்சத்திரம். கடைசியாக ஒரு பெண் எழுதியிருக்கிறாள்.

'சமையல் புக்குன்னு வாங்கினேன். சமையல் ஒண்ணும் இல்ல. எங்க ஊட்டுக்காரரு பர்னஸ்லதான் வேல செய்றாரு. இத்தினி வருஷமா அவரு சட்டய மூக்கப் பொத்திக்கினுதான் தொவைப்பேன். இதப் படிச்சிட்டு அன்னிக்கி அந்தச் சட்டயக் கையில வச்சிக்கினு உக்காந்துட்டேன்.'

நீ யாருக்காக எழுதினாயோ அவள் வந்துவிட்டாள், தப்பு வழியில். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாதே. அவளைப் போல நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ வீடுகள். அத்தனை பேருமா மீன் குழம்பு தேடப் போகிறார்கள்? அவள் எழுதியதைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். ரயிலில் மீஞ்சூர் வருவதற்குள் நாலைந்து முறை படித்துவிட்டேன். உன்னை உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பேன். கேட்க நீ இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.