பிரிக்காமல் எரிக்கவும்

திங்கள், காலை 7.10

மூன்றாம் எரிநிலையம், பூமிச் சுற்றுப்பாதை. பொறுப்பு: டைட்டஸ், இயந்திரப் பொறியாளன், சொந்த ஊர் நாகர்கோவில். நிலையத்தில் ஆள்: நான் மட்டும்.

காற்று சரி. மின்சாரம் சரி. பெல்ட்டின் இரண்டாவது உருளை கிறீச்சிடுகிறது. கிரீஸ் கேட்டு எழுதிப் பல மாதம் ஆகிறது. கிரீஸ் தவிர மற்ற எல்லாம் இங்கே வந்து இறங்குகிறது.

இது கம்பெனிக்கான பதிவு அல்ல. அந்தப் பதிவு தனி, அதில் எல்லாம் எப்போதும் சரியாகவே இருக்கும். இது யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு. ஆகவே என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் எதை வாங்கினாலும் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஷூ, ஒரு மேட்ச் பார்க்க வாங்கிய டிவி, பிரிக்கவே பிரிக்காத மிக்ஸி. திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்து, துடைத்து, மறுபடி அலமாரியில் வைக்க ஆகும் செலவில் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம். இல்லாதவனுக்குச் சும்மா கொடுக்கலாமே என்றால், சும்மா கிடைப்பதை எவன் வாங்குவான்? எரிக்க வேண்டியதுதான். தரையில் எரித்தால் புகை, சட்டம் விடாது. வானத்தில் எரிக்க இதுவரை யாரும் தடை போடவில்லை.

எனவே ராக்கெட்டில் பெட்டிகள் மேலே வருகின்றன. பெல்ட் அவற்றை ஓர் ஆட்டோ அளவிலான எரிகூட்டில் அடுக்குகிறது. நான் கூட்டைக் கழற்றி விடுகிறேன். அது வேகம் குறைந்து, கீழே விழுந்து, கடலுக்கு மேல் எரிகிறது. வாடிக்கையாளரின் போனுக்கு முன்கூட்டியே செய்தி போகும்: ‘உங்கள் பொருள் இன்று மாலை நட்சத்திரமாகிறது. வடமேற்கே பாருங்கள்.’ குடும்பத்தோடு முற்றத்தில் நாற்காலி போட்டுப் பார்க்கிறார்கள். பெட்டி பெல்ட்டில் ஏறும் வீடியோ ஒன்றும் அவர்களுக்குப் போகும், அதற்கென்றே என் தலைக்கு மேல் ஒரு கேமரா. நட்சத்திரம் பார்ப்பதற்காகவே வாங்கித் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஒரு பிரிட்ஜ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதற்கென்று தனிச் சலுகையே உண்டு.

ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு லேபிள்: பிரிக்காமல் எரிக்கவும்.

இந்த வாரச் சரக்கு: மூச்சுப் பெட்டிகள். போன கோடையில் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீப் புகை வானத்தை ஆரஞ்சாக்கியது. பாதாள அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டால் உள்ளே மூச்சு முட்டாமல் இருக்க ஒரு பெட்டி என்று எங்கள் கம்பெனி விற்றது. பயத்தில் ஆளுக்கு நாலாய் வாங்கினார்கள். மழை பெய்தது. திருப்பிவிட்டார்கள்.

செவ்வாய், காலை 9.40

பக்கத்து நிலையத்திலிருந்து அழைப்பு. எனக்குப் பின்னால், இதே பாதையில், சில கிலோமீட்டரில் செயற்கைக்கோள் பழுது பார்க்கும் மேடை ஒன்று இருக்கிறது. நாலு பேர். தலைவி மரகதம், எண்ணூர்க்காரி, வெல்டர். தினமும் ஒரு முறை என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இன்று ஆரம்பித்தது மட்டும் கிண்டலில்.

“இன்னாபா குப்பைக்காரா, இன்னிக்கு எத்தினி பிரிட்ஜ் கொளுத்துன?”

“நீ வாங்குனா அதையும் சேத்துக் கொளுத்துவேன். என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“காத்து மெஷினு பூட்ச்சு. கரியமில வாயு ஏறிக்கினே கீது. ஸ்பேரு கேட்டா ராக்கெட்டு சனிக்கெயமதான்றான். வியாயக்கெயம தாண்ட மாட்டோம்னு நெனைக்கிறேன். எங்க பையன் ரோசாலியோ இப்பவே வாந்தி எடுக்கறான்.”

தரைக்கு இறங்கும் ஓடம் இரண்டு நிலையத்துக்கும் பொதுவாக ஒன்றுதான். அது இப்போது தரையில் இருக்கிறது. சிக்கனம்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் பெல்ட்டில் இருந்தது. மூச்சுப் பெட்டி என்பது வேறொன்றும் இல்லை. கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் குருணை, துணிப்பையில் கட்டியது. காற்றை அதன் வழியே ஊத ஒரு சிறு விசிறி. அவளுக்கு வேண்டியது அதேதான். என் கிடங்கில் அது கூரை வரை நிற்கிறது.

செவ்வாய், காலை 11.15

தரையிடம் அனுமதி கேட்டேன். மேலாளர் வள்ளியப்பன், காரைக்குடியில் பிறந்து பீனிக்ஸில் வீடு கட்டியவர். பதிவாகும் லைனில் ஆங்கிலத்தில் மறுத்தார். பிறகு தனி லைனில் வந்தார்.

“தம்பி, கையை வைக்காத. பிரிச்சா அது திரும்பி வந்த பொருள் இல்ல, பயன்படுத்தின பொருள். மொத்த லாட்டுக்கும் இன்சூரன்ஸ் போயிரும். உனக்குப் புரியுதுல்ல?”

“நாலு பேரு சாவாங்க சார்.”

“சாவாங்கன்னு யாரு சொன்னா? சனிக்கிழமை ராக்கெட் வருது. அவசரப்படாத. நீ எப்பவுமே அவசரப்படுற ஆளு.”

உண்மைதான். கூப்பிடுவதாகச் சொல்லி லைனைத் துண்டித்துவிட்டு, கத்தியை எடுத்தேன்.

செவ்வாய், பகல் 12.00

முதல் பெட்டி. உள்ளே பை, பைக்குள் வெள்ளைக் குருணை. நிஜக் குருணை என்றால் மூச்சுக்காற்று பட்டதும் சூடாகும், கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும். ஈரத்துணியில் சுற்றி வாய் வலிக்க ஊதினேன். மாறவில்லை. பழைய சரக்கு என்று நினைத்து அடுத்ததைப் பிரித்தேன். அடுத்ததை. அடுத்ததை.

ஒரு குருணையைக் கடித்துப் பார்த்தேன். பல் கூசியது.

கல். மீன்தொட்டியில் போடுவார்களே, அந்த வெள்ளைக் கல்.

கல்லைத் துப்பினேன். பிறகு கணக்கு புரிந்தது. பயத்தில் வாங்குகிறவன் பிரிப்பதில்லை, பரணில் போட்டு வைக்கிறான். பயம் தெளிந்தவனும் பிரிப்பதில்லை, திருப்பி விடுகிறான். திரும்பியதை நாங்கள் பிரிப்பதில்லை. யாருமே பிரிக்காத பெட்டிக்குள் எதற்காகக் குருணை?

லேபிளை மறுபடி பார்த்தேன். பிரிக்காமல் எரிக்கவும். இத்தனை நாள் அதைச் சிக்கனம் என்று நினைத்தேன்.

செவ்வாய், பகல் 2.30

எல்லாமே கல்லாக இருக்காது. அவசரமாக விற்பனை ஏறியபோதுதான் ஏமாற்றியிருப்பார்கள், அதற்கு முன் நிஜத்தைத்தான் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தால் மரகதம் செத்துவிடுவாள். கல் கனம், குருணை லேசு. ஆனால் இங்கே எதற்கும் எடை கிடையாது, தராசு சும்மா.

எடையில்லாத இடத்தில் கனம் பார்க்க ஒரு வழி உண்டு. குலுக்குவது. கனமான பெட்டி கையோடு வர முரண்டு பிடிக்கும், லேசானது சட்டென்று திரும்பும்.

குலுக்க ஆரம்பித்தேன். கனம், கனம், கனம், கனம். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது. ஒரு லேசு. பிரித்தேன், ஊதினேன். உள்ளங்கையில் சூடு. ஓரத்தில் கத்திரிப்பூ நிறம். நாலு எழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷத்தில் சொன்னேன், பதிவில் வேண்டாம்.

புதன், காலை 8.20

லேசான பெட்டிகள் ஒரு கூடு கொள்ளும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. இப்போது அனுப்ப வேண்டும். எரிகூட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: பின்னால் உந்தி வேகத்தைக் குறைத்து விழுவது. வேகம் குறைந்தால் தாழ்ந்து முன்னால் ஓடிவிடும். மரகதம் எனக்குப் பின்னால் இருக்கிறாள். அவளிடம் போக வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்போது கூடு கொஞ்சம் உயர்ந்து பின்தங்கும்.

எனவே கூட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். விழுவதற்கென்று செய்த இயந்திரம், ஏறட்டும். வெளியே கவச உடையில் போய்ப் பூட்டுகளைக் கையாலேயே கழற்ற வேண்டியிருந்தது. தரையிலிருந்து ஏழெட்டு எச்சரிக்கை.

காலை 8.05க்கு விட்டேன். எரியாமல் போனது.

புதன், பகல் 1.50

மரகதம்:

“டேய் டைட்டஸு. புட்ச்சிட்டோம். கம்பி போட்டு இஸ்துகினோம்.”

“ஊதிப் பாத்தியா?”

“அல்லாம் கத்திரிப்பூ கலரா மாறுதுடா. ரோசாலியோ எய்ந்து உக்காந்து சோறு கேக்கறான். நீ குப்பைக்காரன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். இன்னிக்கு ஒரு நாளு மட்டும்.”

புதன், மாலை 4.00

வள்ளியப்பன். நான் திட்டை எதிர்பார்த்தேன். குரலில் தேன்.

“தம்பி, பிரமாதம். மேலிடத்துல எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசுறாங்க. விண்வெளியில நாலு உயிரைக் காப்பாத்தின பெட்டி. நாளைக்கு நன்றி நவிலல் விடுமுறை, வருஷத்துலயே பெரிய விற்பனை. நீ கேமரா முன்னாடி ஒரே ஒரு வரி சொல்லணும். ‘இந்தப் பெட்டி இருந்ததால் உயிர் பிழைத்தார்கள்.’ அவ்வளவுதான். பொய்யா?”

“மத்த பெட்டியில கல்லு இருக்கு சார்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன், ஆச்சரியப்படவில்லை.

“அந்த வரி மட்டும் சொல்லு. உன் காண்டிராக்டை நான் பாத்துக்கறேன்.”

“முடியாது.”

“யோசி. உன் காத்து மெஷினுக்குப் பராமரிப்பு வேற பாக்கியிருக்கு. நிறுத்தித்தான் பாக்கணும்.”

புதன், மாலை 4.25

நிறுத்திவிட்டார்கள். விசிறிச் சத்தம் நின்ற பிறகுதான் அது இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது. பேனலில் ‘பராமரிப்பு நடைபெறுகிறது’. கட்டுப்பாடு முழுக்கத் தரையில், இங்கே ஒரு ஸ்விட்ச் கூட இல்லை.

என் முட்டாள்தனம்: கிடைத்த நிஜப் பைகளையெல்லாம் மரகதத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள நினைவில்லை. கவச உடையில் இருந்த காற்றும் வெளியே போனதிலேயே தீர்ந்துவிட்டது. அவசரம்.

பெல்ட்டும் தானாக ஓடத் தொடங்கியது. மிச்சப் பெட்டிகளை அடுத்த கூட்டில் திணிக்கப் பார்க்கிறார்கள். உடற்பயிற்சிக் கம்பியைக் கழற்றி இரண்டாவது உருளையில் சொருகினேன். கிரீஸ் அனுப்பாத உருளை. ஒரே முக்கலில் நின்றது.

இனி வேலை எளிது. இன்னும் குலுக்காத ஒவ்வொரு பெட்டியையும் குலுக்க வேண்டும். லேசாக இருந்தால் எனக்கு மூச்சு. கனமாக இருந்தால் கேமரா முன் பிரிப்பேன். அந்தக் கேமரா பெட்டியின் குறியீட்டைப் படித்து, வாங்கியவர் போனுக்கே வீடியோவை அனுப்பிவிடும். நிறுத்த வேண்டுமானால் நாட்டின் எல்லா நட்சத்திர வீடியோவையும் சேர்த்து நிறுத்த வேண்டும். நாளை விற்பனை. நிறுத்த மாட்டார்கள். அவர்களை நான் நம்புவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வியாழன், காலை 6.30

தலை வலிக்கிறது. பிரித்துக்கொண்டே இருக்கிறேன். அறை முழுக்க வெள்ளைக் கல் மிதக்கிறது. வீடியோக்களுக்குப் பதில்கள் வருகின்றன. ஒஹையோவிலிருந்து ஓர் அம்மாள்: “எங்கள் நிலவறையில் இதே பெட்டி இன்னும் மூன்று இருக்கிறது. என் கணவர் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிறவர். இப்போதுதான் மூன்றையும் பிரித்தோம். மூன்றிலும் கல்.” அடுத்தது டெக்ஸஸிலிருந்து ஒருவர்: “வீடியோ அருமை. ஐந்து நட்சத்திரம். அந்த வெள்ளைக் கல் எங்கே வாங்கலாம்?”

இரண்டாவதைப் படித்துச் சிரித்தேன். சிரித்ததில் மூச்சு வாங்கியது. சிரிக்கக் கூடாது.

வியாழன், காலை 9.10

வள்ளியப்பன்: “தம்பி, கல்லு போட்ட பெட்டிக்கே ஆர்டர் குவியுது. ஞாபகத்துக்கு வச்சுக்கணுமாம். உன் கையெழுத்தோட கேக்கறாங்க. எதுக்குடா வீம்பு? ஒரு வரி. உடனே காத்தைத் திறக்கறேன்.”

பதிலுக்கு ஒரு பையைக் கேமராவின் முகத்துக்கு நேரே கிழித்தேன். இன்று ஒஹையோவில் மூன்று பெட்டி பிரிக்கப்பட்டது. எனக்கு அது போதும். ஐந்து நட்சத்திரக்காரர்கள் எக்கேடு கெட்டும் போகட்டும்.

வியாழன், 11 இருக்கும்

எழுத்து கோணுகிறது. விரல் நுனி குத்துகிறது. இன்னும் ஒரு லேசு கூடக் கிடைக்கவில்லை. கனம். அடுத்தது. கனம்.

மரகதம் லைனில்.

“இன்னாடா பேச்சே காணோம்?”

“காத்தை நிறுத்திட்டாங்க.”

“அடப்பாவி, அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நீ குட்த்த கூட்ல தள்ற கேஸ் மிச்சம் கீது. ரெண்டு பையி எட்த்துக்கினு அதுலயே குந்தி நானே வரேன். வண்டிய எப்டி வுடணும், அத்த சொல்லு.”

“நீ திருப்பவே வேணாம். அது பழகின மாதிரி பிரேக் போட்டா முன்னால வரும். ஆனா ஜாஸ்தி போட்டுட்டா விழுந்துருவ. எரிஞ்சுருவ.”

“அப்ப கம்மியா போட்றேன். வாய மூடிக்கினு மூச்ச மிச்சம் புடி.”

வியாழன்

நேரம் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் ஒரு வெளிச்சம். இங்கிருந்து கிளம்பிய கூடு எதுவும் திரும்பி வந்ததில்லை. எல்லாம் கீழே போய் யாரோ கை தட்ட எரிந்தன. இது எரியவில்லை. பெரிதாகிறது.

நான் வெளியே போய் வந்ததிலிருந்து காற்றடைப்பு அறையின் வெளிக்கதவைத் தரை பூட்டிவிட்டது, இனி அவர்கள் கட்டளைக்குத்தான் திறக்கும். திறக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் அதைத் திறக்கக் கைச்சக்கரம் ஒன்று உண்டு, பலம் கொடுத்துச் சுற்ற வேண்டும். பலம் இருக்கிறதா தெரியாது. சுற்றுவேன்.

கண்டெடுப்பவருக்கு: உங்கள் வீட்டில் லேபிள் ஒட்டிய பெட்டி இருந்தால் இப்போதே பிரியுங்கள். என்னைப் பற்றி அப்புறம் விசாரியுங்கள்.

வள்ளியப்பன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். “ஒரு வரி, தம்பி. ஒரே வரி.”

கேமராவை அணைக்கவில்லை. கையில் கிடைத்த பெட்டியைப் போகிற போக்கில் குலுக்கினேன். கனம். அதன் முன் பிரித்துப் போட்டேன்.

கதவில் தட்டுகிறாள். சுத்தியல். லைனில் குரல்: “தொற, குப்பைக்காரா.”

சக்கரம் கால் சுற்று. இறுகிவிட்டது. எழுத நின்றால் ஆகாது, வைக்கிறேன். அரைச் சுற்