முன்வரிசை கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம்

அனுப்புநர்:
இசோகாய் தொமியே,
இசோயா உணவுக்கடை,
ஹாமதானி பம்புத் தொழிற்சாலை வாயிலுக்கு எதிரில்,
குரே நகரம், ஹிரோஷிமா மாவட்டம்.

பெறுநர்:
நிறுவனப் பதிவு அதிகாரி அவர்கள்,
சட்ட விவகார அலுவலகம், குரே.

பொருள்: ஹாமதானி பம்பு நிறுவனப் பங்குதாரர் கூட்டத்தில் நடந்ததற்கு மாறாக எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்பை ஏற்று, திரு. அரிமுராவை இயக்குநராகப் பதிவு செய்யக் கூடாது என்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி நிறுவனத்தின் பங்குதாரர். அங்கே வார்ப்படப் பிரிவில் வேலை பார்த்த என் கணவர், சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி வாங்கிய பங்குகள், அவர் காலமான பின் என் பெயருக்கு வந்தன. ஆலை வாயிலுக்கு எதிரே வறுத்த சிப்பியும் சோறும் விற்றுப் பிழைக்கிறேன். ஆலை மூடினால் என் கடையும் மூட வேண்டியதுதான். எனக்கு இதில் சுயநலமே இல்லை என்று நான் நடிக்கப் போவதில்லை.

2. எங்கள் நிறுவனத்துக்கு முதலாளி யார் என்பது குரேயில் யாருக்கும் தெரியாது. ஷிராகுமோ குழுமத்தின் வங்கியிடம் கொஞ்சம் பங்கு, காப்பீட்டு நிறுவனத்திடம் கொஞ்சம், கிடங்கு நிறுவனத்திடம் கொஞ்சம். தனித்தனியாகக் கேட்டால் ஒருவரும் முதலாளி இல்லை. மாதாமாதம் டோக்கியோவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் எல்லோரும் முதலாளி. கூட்டம் வந்தால், எதுவும் எழுதாத வாக்குத் தாளில் முத்திரையைக் குத்தி, இஷ்டப்படி நிரப்பிக்கொள்ளட்டும் என்று எங்கள் தலைவருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய பங்குகள் எங்கள் நிறுவனத்திடமும் உண்டு; அவர்கள் கூட்டத்துக்கு எங்கள் தலைவரும் அப்படியே அனுப்புவார். இதற்கு நல்லுறவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

3. இந்த ஆண்டு வங்கியிலிருந்து திரு. அரிமுராவை அனுப்பி, முதலில் இயக்குநராகவும் பிறகு தலைவராகவும் ஆக்க முடிவு செய்தார்கள். அவர் வசந்த காலத்தில் ஆலையைப் பார்க்க வந்தபோது என் கடையில்தான் சாப்பிட்டார். கூட வந்தவரிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மெஷினையெல்லாம் ஒகயாமாவுக்குக் கொண்டு போயிட்டு, இந்த எடத்த வித்துரலாம்யா. சிப்பி மட்டும் நல்லாருக்கு." நான் அப்போது அவர் கிண்ணத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்தவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

4. கூட்டத்தில் முன்வரிசைகளில் ஊழியப் பங்குதாரர்களை உட்கார வைப்பதும், தலைவர் "சம்மதமா?" என்று கேட்டதும் அவர்கள் "ஆட்சேபணை இல்லை!" என்று கத்திக் கைதட்டுவதும் தாங்கள் அறிந்த வழக்கமே. அதற்கு முந்தின நாள் ஒத்திகையும் உண்டு. சத்தம் என் கடைவரை கேட்டது. ஒத்திகையை நடத்திய பொது நிர்வாகப் பிரிவுத் தலைவர் திரு. முராவோகா தொண்டை கட்டிப்போய் வந்து, "அக்கா, சூடா ஏதாவது குடுங்க. நாளைக்கு நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு எதையும் கேட்டு வெக்காதீங்க, புண்ணியமாப் போவும்" என்றார். சூடாகக் கொடுத்தேன். வாக்கு மட்டும் கொடுக்கவில்லை.

5. மறுநாள் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். நான் எழுந்து, திரு. அரிமுராவுக்குப் பதிலாக எங்கள் ஆலை மேலாளர் திரு. தெராவாகியை இயக்குநராக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தேன். அவரிடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தேன். பங்குதாரர் கொண்டுவரும் திருத்தத்தைக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தலைவர் திரு. குசுமோத்தோ வேண்டாவெறுப்பாக அதை வாசித்து, பழக்கதோஷத்தில் "சம்மதமா?" என்று முடித்தார்.

6. முன்வரிசை முழுவதும் "ஆட்சேபணை இல்லை!" என்று முழங்கிக் கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் திரு. முராவோகா. கூடம் அதிர்ந்தது. தலைவர் முகம் வெளிறிப்போய், "செல்லாது, செல்லாது! எல்லாரும் தூங்குறீங்களாய்யா?" என்று கத்தினார். பிறகு பழைய தீர்மானத்தை வாசித்து மறுபடியும் கைதட்ட வைத்தார். நடவடிக்கைக் குறிப்பில் இரண்டாவது கைதட்டல் மட்டும் இருக்கிறது. நான் எழுந்ததாகக்கூட அதில் இல்லை.

7. கைதட்டல்தான் வாக்கு என்றால் என் திருத்தம் நிறைவேறிவிட்டது. இல்லை, வந்த தாள்கள்தான் வாக்கு என்றால் அவற்றை என் கண் முன்னால் எண்ணட்டும். அப்போது கிடங்கு நிறுவனத்தின் தாளை எடுத்து அப்பால் வைக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பங்குகளில் கால் பாகத்துக்கு மேல் எங்கள் நிறுவனத்திடம் இருக்கிறது. அப்படி இருந்தால் அது எங்கள் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்று இப்போது திருத்தப்பட்ட வணிகச் சட்டம் சொல்கிறது. எண்ணி நான் தோற்றால் வாயை மூடிக்கொண்டு சிப்பி வறுக்கப் போகிறேன். எண்ணாமல் என்னைத் தோற்கடிக்க நான் விடமாட்டேன். இந்த அலுவலகம் கதவைச் சாத்தினால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவேன்.

8. திரு. முராவோகா அன்று மாலை கடைக்கு வந்து தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். "'சம்மதமா'ன்னாரு, கை தானாத் தட்டிருச்சு அக்கா. எதுக்குன்னு கேக்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரலையே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூடப்போவது அவருடைய ஆலையும்தான்.

ஆகவே, உண்மையில் நடந்தது தெளிவாகும்வரை திரு. அரிமுராவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் நிறுத்திவைக்க வேண்டுகிறேன். நடந்தது இதுதான் என்பதற்குச் சாட்சியாக முன்வரிசையில் இருந்தவர்கள் கீழே முத்திரை இட்டிருக்கிறார்கள். முதல் முத்திரை திரு. முராவோகாவுடையது. வேலைக்கு ஆபத்து வரும் என்று எச்சரித்துத்தான் இந்த மனுவை அவரிடம் கொடுத்தேன். தொடக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரையை எடுத்து, மெதுவாக, "ஆட்சேபணை இல்லக்கா" என்றார். இந்த முறை அவரிடம் யாரும் "சம்மதமா?" என்று கேட்கவில்லை.

இடம்: குரே
நாள்: ஷோவா 59 (1984), ஜூலை 3

இப்படிக்கு,
இசோகாய் தொமியே (முத்திரை)
பங்குதாரர்